தடைக்காலத்து மே மாதத்தில் ராமநாதபுரம் கடற்கரை: எங்கே போவது, என்ன சாப்பிடுவது?

கோவையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. மே மாதம் இரண்டாம் வாரத்தில் அவர், மனைவி, பள்ளிக்குச் செல்லும் இரண்டு பிள்ளைகள், வயதான தாயார் ஆகிய ஐவரும் நான்கு நாள்கள் ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் வர எண்ணியிருக்கிறார்கள். ராமேஸ்வரம் கோயிலை முன்பே தரிசித்தாயிற்று; இந்த முறை கடலைப் பார்ப்பதும் கடலோரத்துச் சாப்பாட்டைச் சாப்பிடுவதுமே நோக்கம். ஆனால் அது மீன்பிடித் தடைக்காலம், நல்ல மீன் கிடைக்காது, கத்திரி வெயிலில் பிள்ளைகள் வாடிவிடுவார்கள், டிசம்பரில் போங்கள் என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்களாம். வரலாமா, வந்தால் எங்கே போவது, என்ன சாப்பிடுவது என்று கேட்கிறார்.

தாராளமாக வரலாம். இந்த மாவட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவன் என்ற முறையில் இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்வேன்: இந்தக் கரையின் சாப்பாட்டை அது விளைகிற இடத்திலேயே பார்த்துச் சாப்பிட வேண்டுமானால் கோடையில்தான் வர வேண்டும். எங்கள் மண்ணுக்கு மழை குறைவு, வெயில் அதிகம். அந்த வெயிலை வைத்தே இங்கே பாதிப் பிழைப்பு நடக்கிறது. உப்பளத்தில் உப்பு விளைவது கோடையில். பனை பதநீரும் நுங்கும் கருப்பட்டியும் தருவது கோடையில். புரட்டாசி, ஐப்பசியில் விதைத்த முண்டு என்கிற குண்டு மிளகாய் பழுத்துக் களத்தில் காய்வது மாசி தொடங்கிக் கோடை முழுவதும். கருவாடு புழு வைக்காமல் சுள்ளென்று காய்வதும் இந்த வெயிலில்தான். டிசம்பரில் வருபவர்கள் குளிர்ந்த காற்றையும் நீர் நிறைந்த கண்மாய்களையும் பார்ப்பார்கள், அதுவும் அழகுதான். ஆனால் ஒரு மீன் குழம்புக்குள் போகிற பொருள்கள் அத்தனையும் கண்ணெதிரே உருவாகிற காலம் இதுவே. வருவதற்கு முன் இரண்டு செய்திகளை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். தடைக்காலம் யாரைத் தடுக்கிறது என்பது ஒன்று; காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்பது மற்றொன்று.

தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்களுக்கு மீன்பிடித் தடை நடைமுறையில் இருக்கிறது. முன்பு 45 நாள்களாக இருந்ததை 2017-இல் 61 நாள்களாக நீட்டினார்கள். மீன்கள் முட்டையிட்டுப் பெருகும் காலத்தில் இழுவைமடி கடலடியை வாரிக்கொண்டு போகக் கூடாது என்பதே இதன் நோக்கம். இந்தத் தடை விசைப்படகுகளுக்கு உரியது. நாட்டுப்படகுக்காரர்களும் கரைவலை இழுப்பவர்களும் தூண்டில் போடுபவர்களும் எப்போதும்போல் தொழிலுக்குப் போகிறார்கள். ராமேஸ்வரம், மண்டபம் துறைகளில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்க, பழுது பார்ப்பவர்கள் பலகைக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருக்க, சற்றுத் தள்ளிச் சின்னச் சின்னப் படகுகள் விடியற்காலையில் வந்து சேர்வதை நீங்கள் பார்க்கலாம். கரைக்கு அருகிலேயே வலை விட்டுத் திரும்புவதால் அந்த மீன்களில் பெரும்பகுதி ஐஸைப் பார்க்காமலேயே சட்டிக்கு வந்துவிடுகிறது. அளவு குறைவு, விலை கூடுதல், ஆனால் ருசியில் குறை சொல்ல முடியாது.

தொல்லை வேறொரு இடத்தில் இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் உணவகத்தில் உட்கார்ந்ததும் வஞ்சிரம் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். தடைக்காலத்தில் உள்ளூர் வஞ்சிரம் அரிது. கேட்பவரைத் திருப்பி அனுப்ப மனமில்லாமல் கடைக்காரர்கள் மேற்குக் கரையிலிருந்து ஐஸ் பெட்டியில் வருகிற மீனை வாங்கி வைக்கிறார்கள். அங்கே தடை ஜூனில்தான் தொடங்குகிறது என்பதால் ஏப்ரல், மே மாதங்களில் அந்த வரத்து இருக்கும். அதைச் சாப்பிடுவதற்குக் கோவையிலிருந்து இவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை. ஆகவே மீனின் பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள், "இன்றைக்கு நாட்டுப்படகில் என்ன மீன் வந்தது?" என்று கேளுங்கள். விளமீன், பாறை, ஓரா, முரல், கிழங்கான், நகரை, காரல், சூடை என்று ஏதாவது ஒரு பெயர் வரும். அதை வாங்குங்கள்.

இவற்றில் ஓராவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் வெளியூரில் இதைப் பெரும்பாலோர் சாப்பிட்டதில்லை. பாக் நீரிணையின் ஆழம் குறைந்த அடித்தரையில் கடற்புல் பரந்து வளர்கிறது. ஓரா அந்தப் புல்லையும் பாசியையும் மேய்கிற மீன். கையகலத்துக்குத் தட்டையாக, புள்ளி போட்ட சாம்பல் பச்சை நிறத்தில் இருக்கும். முதுகிலும் வயிற்றிலும் உள்ள முள் குத்தினால் மணிக்கணக்கில் கடுக்கும் என்பதால் வலையிலிருந்து எடுப்பவர்கள் மிகக் கவனமாகத்தான் தொடுவார்கள். பாசி மேய்கிற மீன் என்பதால் குடலில் ஒரு வாடை இருக்கும். அதை உடனே எடுத்து, மஞ்சளும் உப்பும் போட்டு அலசிவிட்டால் சதை வெள்ளை வெளேரென்று பால் மணத்தோடு இருக்கும். நல்லெண்ணெயில் சின்ன வெங்காயமும் பூண்டும் வதக்கி, முழு முண்டு மிளகாயை அரைத்துப் போட்டு, புளி குறைவாக, தேங்காய் கொஞ்சம் தாராளமாகச் சேர்த்து வைக்கிற ஓராக் குழம்புக்கு ஈடாக நான் எந்தப் பெரிய மீனையும் சொல்ல மாட்டேன். பிள்ளைகளுக்கு முள் பயம் இருந்தால் கிழங்கானை வறுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். அதில் நடுமுள்ளை உருவிவிட்டால் பெரும்பாலும் சதைதான்.

இனிக் காற்று. இந்த மாவட்டத்துக்குக் கடல் இரண்டு. வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. மீனவர்கள் இவற்றை வடகடல், தென்கடல் என்பார்கள். ராமேஸ்வரம் தீவில் அடக்கமான வடகடலைப் பெண் கடல் என்றும் ஆர்ப்பரிக்கும் தென்கடலை ஆண் கடல் என்றும் சொல்கிற வழக்கமும் உண்டு. வாடைக்காற்று வீசும் ஐப்பசி முதல் தை வரையிலான மாதங்களில் இந்த நிலை மாறி வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கும். கோடையில் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று எழும்பத் தொடங்கியதும் தென்கடல் பொங்கும். வடகடலோ குளம் மாதிரிக் கிடக்கும். ஆகவே மே மாதத்தில் வருகிற நீங்கள் பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்குவதையும் படகில் ஏறுவதையும் வடகரையில் வைத்துக்கொள்ளுங்கள். தென்கரையைக் கண்ணுக்கும் நாவுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். பயணத் திட்டம் முழுவதும் இந்த ஒன்றைச் சுற்றியே அமைய வேண்டும் என்பது என் கருத்து.

தங்குவதற்கு ராமநாதபுரத்தையும், நடுவில் ஓர் இரவுக்கு மட்டும் ராமேஸ்வரம் தீவையும் வைத்துக்கொண்டால் அலைச்சல் குறையும். எல்லாரும் நேரே ராமேஸ்வரம் போய் அறை எடுத்துவிட்டு, அங்கிருந்தே எல்லா இடத்துக்கும் ஓடுகிறார்கள். தாயாரை அழைத்து வருகிறவர் அப்படிச் செய்யக் கூடாது. கிழக்குக் கடற்கரைச் சாலை ராமநாதபுரத்தில் வந்து சேர்ந்து, வடக்கே தேவிபட்டினம், தொண்டிப் பக்கமும் தெற்கே கீழக்கரை, சாயல்குடிப் பக்கமும் பிரிகிறது. காலையில் புறப்பட்டு மதிய வெயிலுக்கு முன் திரும்பிவிடலாம்.

முதல் நாள் விடியற்காலையில் வடக்கே காரங்காட்டுக்குப் போங்கள். கோட்டக்கரை ஆறு கடலோடு சேரும் இடத்தை ஒட்டிய மீனவக் கிராமம் இது. அங்குள்ள அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து படகுச் சவாரி நடத்துகிறார்கள். கால்வாய் போன்ற நீர்ப்பாதையில் இரு பக்கமும் மரங்கள் நெருங்கி நிற்க, சேற்றிலிருந்து விரல் விரலாக மூச்சு வேர்கள் நீட்டிக்கொண்டிருக்க, அவற்றுக்கு இடையே கொக்கும் நாரையும் அசையாமல் நிற்பதைப் பார்த்துக்கொண்டே போகலாம். படகு மரத்தின் அருகே போகும்போது அலையாத்தி இலை ஒன்றைத் தொட்டு விரலை நாக்கில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள் பிள்ளைகளை, கரிக்கும். வேர் உறிஞ்சிய உப்பை இலை வழியே வெளியேற்றித்தான் அந்த மரம் கடல் நீரில் உயிர் வாழ்கிறது. புத்தகத்தில் படித்தால் ஒரு வரியாகப் போய்விடுகிற இந்தச் செய்தி நாக்கில் பட்டால் மறக்காது. குளிர்காலத்து வலசைப் பறவைகள் மே மாதத்தில் இருக்காது என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள்.

அந்த ஊரில் முன்னதாகச் சொல்லி வைத்தால் பெண்கள் சமைத்துப் போடுகிறார்கள். நண்டும் கணவாயும் இறாலும் அங்கே விசேஷம். பாக் நீரிணையில் பிடிபடுகிற நண்டின் ஓடு நீலச் சாயலில் வெள்ளைப் புள்ளிகளோடு இருக்கும், வெந்ததும் சிவந்துவிடும். அதை மிளகும் சீரகமும் பூண்டும் தட்டிப் போட்டு ரசமாக வைத்துக் கொடுப்பார்கள். வெயில் நாளில் சூடான நண்டு ரசமா என்று தயங்க வேண்டாம். வேர்த்து விறுவிறுத்து, பிறகு கடற்காற்று பட்டதும் உடம்பு இலேசாகிவிடும். நண்டை வாங்குவதானால் கையில் எடுத்துக் கனம் பார்த்து வாங்குங்கள். ஒரே அளவுள்ள இரண்டில் கனமானதில்தான் சதை இருக்கும். வயிற்றுக்குக் கீழே முட்டைக் கொத்தோடு இருக்கிற நண்டை விட்டுவிடுங்கள். தடைக்காலம் எதற்காக என்று மேலே சொன்னேன் அல்லவா?

திரும்பும் வழியில் தேவிபட்டினத்தில் கடலுக்குள் ஒன்பது கற்கள் நிற்கிற நவபாஷாணத்தைத் தாயார் தரிசிக்கலாம். கடலுக்குள் நடைமேடை இருப்பதால் சிரமமில்லை, ஆனால் பத்து மணிக்குமேல் தரை சுடும். கடலில் குளிக்க வேண்டுமானால் மறுநாள் தீவுக்குப் போகும் வழியில் உச்சிப்புளியை அடுத்த அரியமான் கடற்கரை பொருத்தமானது. வடகடலின் கரை, சவுக்குத் தோப்பின் நிழல், நெடுந்தூரம் இடுப்பளவே ஆழமுள்ள அலையற்ற நீர். இந்தப் பருவத்தில் சிறுவர்களை நம்பி இறக்கக்கூடிய கரை என்று நான் சொல்வது இதைத்தான். அப்போதும் பெரியவர் ஒருவர் தண்ணீரிலேயே நிற்க வேண்டும்.

மண்டபத்தில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் இருக்கிறது. இன்று கொச்சியில் தலைமையிடம் கொண்டுள்ள அந்த நிறுவனம் 1947-இல் தொடங்கப்பட்டது. 1949 முதல் 1971 வரை அதன் தலைமையிடமே மண்டபம்தான். தட்டில் பார்த்த மீனை உயிரோடு பார்க்கப் பிள்ளைகளுக்கு அங்குள்ள காட்சிக்கூடம் உதவும். வெயில் உச்சியில் இருக்கும் நேரத்தில் அங்கே போய்விடுங்கள்.

பாம்பன் பாலத்தைப் பற்றி நான் நீட்டி எழுத வேண்டியதில்லை. 1914-இல் திறக்கப்பட்ட பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் ஓட்டம் நின்றது. அதன் பக்கத்தில் கட்டப்பட்ட செங்குத்தாக உயரும் தூக்குப் பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. சாலைப் பாலம் 1988-இல் வந்தது. எல்லாரும் சாலைப் பாலத்தின் நடுவே வண்டியை நிறுத்திப் படம் எடுக்க முயல்கிறார்கள். காற்றும் லாரியும் சேர்ந்த இடம் அது, பிள்ளைகளோடு வேண்டவே வேண்டாம். முடிந்தால் மண்டபத்திலிருந்து ராமேஸ்வரத்துக்கு மட்டும் ரயிலில் போங்கள். இரண்டு பக்கமும் கடல், ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் நீலம் என்று காலை வெயிலில் நிறம் பிரிந்து தெரிவதை வண்டிக்குள் உட்கார்ந்தபடி தாயாரும் பார்க்கலாம். அதைவிட அமைதியான இடம் வேண்டுமானால் பாம்பனை அடுத்த குந்துகால் இருக்கிறது. 1897 ஜனவரியில் விவேகானந்தர் வந்திறங்கியதன் நினைவிடம் அங்கே உண்டு. எதிரே குருசடைத் தீவு. மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் ஒன்றான அதற்கு வனத்துறை படகு விடுகிறது. ஆனால் அது தென்கடல் என்பதால் காற்று மிகுந்தால் நிறுத்திவிடுவார்கள். நிறுத்தினால் கெஞ்சவோ தனியார் படகு தேடவோ வேண்டாம்.

தனுஷ்கோடிக்குக் காலை ஆறு மணிக்குள் புறப்படுங்கள். மாலையில் குறித்த நேரத்துக்குப் பிறகு வண்டிகளை விடமாட்டார்கள், மதியத்தில் மணல் கொதிக்கும். 1964 டிசம்பர் 22 நள்ளிரவுப் புயல் ஓர் ஊரையே கொண்டுபோன இடம் அது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலும் அன்றைக்குக் கடலில் போயிற்று. பவளப் பாறைக் கற்களால் கட்டிய தேவாலயத்தின் சுவர் இன்னும் நிற்கிறது. சுவர் அருகே போய்ப் பார்த்தால் கல்லில் பவளத்தின் கண்கள் அப்படியே தெரியும். அதன் மேல் ஏறுவதும் பெயர் கீறுவதும் நெஞ்சு பொறுக்காத செயல்கள். பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள். அங்கிருந்து அரிச்சல்முனை வரை 2017 முதல் நல்ல சாலை இருக்கிறது. முனையில் நின்றால் இடது பக்கம் வடகடல் கண்ணாடியாகவும் வலது பக்கம் தென்கடல் நுரைத்துக்கொண்டும் இருப்பதை ஒரே பார்வையில் பார்க்கலாம். மேலே சொன்ன காற்றுக் கணக்கு முழுவதும் அங்கே கண்ணெதிரே இருக்கும். மே மாதத்தில் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும். இலங்கையின் தலைமன்னார் முப்பது கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது. அரிச்சல்முனையில் கால் நனைப்பதற்குக்கூட நான் ஒப்ப மாட்டேன். இரண்டு நீரோட்டமும் சேர்கிற இடத்தில் காலடி மணல் நிற்காது.

தனுஷ்கோடியில் மீனவர் குடிசைகளை ஒட்டிச் சிறு கடைகள் இருக்கின்றன. கரைவலை இழுக்கிற நாளாக இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். இரண்டு வரிசையாக ஆள்கள் வடத்தைத் தோளில் போட்டுப் பின்னோக்கி நடந்து வர, கடைசியில் மடி கரையேறும்போது சூடையும் காரலும் கணவாயும் துள்ளிக்கொண்டு கிடக்கும். அந்தச் சூடையையே மிளகாய்த்தூளும் உப்பும் புரட்டிப் பொரித்துத் தருவார்கள். குடிநீர் எப்படி என்று கடைக்காரரைக் கேளுங்கள். கடலுக்குச் சில அடி தூரத்தில் மணலில் தோண்டிய சிறு ஊற்றைக் காட்டுவார்கள். மழைநீர் மணல்மேட்டுக்குள் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் மிதந்து நிற்பதால் அந்த ஊற்றில் நல்ல தண்ணீர் சுரக்கிறது. சிரட்டையால் மெல்ல மேலோடு மொள்ள வேண்டும். அவசரப்பட்டு ஆழத் தோண்டினால் உப்பு ஏறிவிடும். பிள்ளைகள் ஒரு வாய் குடித்துப் பார்க்கட்டும். மற்றபடி உங்கள் தேவைக்கான தண்ணீரை நீங்களே கொண்டுபோங்கள், அவர்களுடைய ஊற்றைக் காலி செய்யாதீர்கள்.

ராமேஸ்வரம் கோயிலைச் சுற்றிய தெருக்களில் பெரும்பாலும் சைவ உணவகங்களே இருக்கும். மீன் சாப்பாட்டுக்குத் தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம் பக்கம் வர வேண்டும். படகு, வலை, லாரி என்று துறை வேலை பார்ப்பவர்கள் எந்தக் கடையில் உட்கார்ந்திருக்கிறார்களோ அந்தக் கடைக்குப் போங்கள், பன்னிரண்டரை மணிக்குள் போங்கள். தங்கச்சிமடத்தைத் தாண்டும்போது மல்லிகை நாற்றங்கால்களைப் பார்ப்பீர்கள். இந்த மணலில் பதியம் போட்ட மல்லிகை நாற்றுகள் வெளி மாநிலங்களுக்கும் போகின்றன, பூவுக்கும் இது நல்ல பருவம்.

தென்கரைக்குக் கடைசி நாளை ஒதுக்குங்கள். திருப்புல்லாணிப் பெருமாள் கோயில் வழியிலேயே இருக்கிறது. பாயசப் பிரசாதம் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். அங்கிருந்து கீழக்கரை. முத்துக்கும் சங்குக்கும் பெயர்போன பழைய துறைமுகம், வள்ளல் சீதக்காதியின் ஊர். பழைய ஜும்மா பள்ளியின் கல் தூண்களும், தூண் தலையில் உத்தரத்தைத் தாங்கும் போதிகைகளும் நம் கோயில் மண்டபக் கட்டட முறையிலேயே அமைந்திருப்பதை வெளியிலிருந்தேனும் பாருங்கள். தொழுகை நேரம் தவிர்த்து, அனுமதி கேட்டு, உடை ஒழுங்கோடு போனால் முகம் சுளிக்க மாட்டார்கள்.

கீழக்கரையின் சமையல் தனி உலகம். குழம்பை ஆணம் என்பார்கள். மீன் ஆணத்தில் தேங்காய்ப்பாலின் குணம் தூக்கலாக இருக்கும். கல்யாண வீடுகளில் நெய்ச்சோறும் தாளிச்சாவும் சகன் என்ற பெரிய தட்டில் வைத்து நான்கைந்து பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அது விருந்தினராகப் போனால் மட்டுமே வாய்க்கும். ஆனால் தொதல் கடையிலேயே கிடைக்கிறது. தேங்காய்ப்பால், கருப்பட்டி அல்லது சர்க்கரை, ஜவ்வரிசி அல்லது அரிசி மாவு, நெய், முந்திரி இவ்வளவுதான் பொருள். பெரிய உருளியில் விறகுத் தீயில் வைத்து, அடி பிடிக்காமல் மணிக்கணக்கில் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் பால்போல் இருப்பது கூழாகி, பிறகு துடுப்பை இழுக்க முடியாதபடி இறுகி, கடைசியில் தேங்காய் எண்ணெய் தானே பிரிந்து ஓரத்தில் கசியும். அப்போதுதான் இறக்குவார்கள். இலங்கையிலும் மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் இதே வகை இனிப்பு இருக்கிறது. கப்பல் வாணிகம் செய்த ஊரில் அது இருப்பதில் வியப்பில்லை. கருப்பட்டித் தொதலையே கேட்டு வாங்குங்கள். சர்க்கரைத் தொதல் வெறும் தித்திப்பு. வறுத்த மாவுத் தின்பண்டமான ஓட்டுமாவும் வாங்கலாம், பல நாள் கெடாது.

கீழக்கரையிலிருந்து ஏர்வாடி வழியாக வாலிநோக்கம் போகிற பாதையில் உப்பளங்கள் தொடங்கிவிடும். அரசின் தமிழ்நாடு உப்பு நிறுவனத்தின் உப்பளம் அங்கேதான் இருக்கிறது. பாத்தி பாத்தியாகத் தேங்கிய நீரில் உப்பு பூத்து, வாரிக் குவித்த வெள்ளைக் குவியல்கள் வரப்போரம் நிற்கும். காலையில் போனால் கண் கூசாது. பதினொரு மணிக்கு அந்த வெண்மையைப் பார்க்கவே முடியாது, அதற்குள் நின்று வாருபலகை இழுப்பவர்களை எண்ணிப் பாருங்கள். வாலிநோக்கம் கடற்கரையில் பாறைகளில் அலை மோதி எழுவதை எட்ட நின்று பார்த்துவிட்டுச் சாயல்குடிக்குப் போங்கள்.

சாயல்குடி வட்டாரம் பனங்காடு. கண்ணுக்கெட்டிய மட்டும் பனை. பதநீர் குடிக்க வேண்டுமானால் காலை ஒன்பது மணிக்குள் அங்கே இருக்க வேண்டும், ஆகவே இந்த நாளின் வரிசையை மாற்றி, முதலில் சாயல்குடிக்கு வந்துவிட்டு வாலிநோக்கம், கீழக்கரை என்று திரும்புவதுதான் சரி. பனையேறி விடியலில் மரமேறிப் பாளையைச் சீவி, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தில் சேர்ந்திருக்கும் பதநீரை இறக்குகிறார். சுண்ணாம்பு இருப்பதால்தான் அது புளித்துக் கள்ளாகாமல் இருக்கிறது. நீங்கள் கேட்டதும் இளம் பனையோலையை இரண்டாக வளைத்து, நரம்பால் கட்டிப் பட்டை பிடித்து உங்கள் இரு கைகளிலும் வைத்து, அதில் பதநீரை ஊற்றுவார். நுங்கை விரலால் நோண்டி அதிலேயே போட்டுக் குடிக்க வேண்டும். பிளாஸ்டிக் டம்ளரில் குடித்தால் பாதி மணம் போயிற்று. ஓலைப் பச்சை வாசமும் சேர்ந்ததே அதன் சுவை. சர்க்கரை நோய் இருந்தால் தாயாருக்கு நுங்கு மட்டும் கொடுங்கள்.

சாலையோரக் களங்களில் ரத்தச் சிவப்பாக மிளகாய் காய்வதை வருகிற வழியெல்லாம் பார்த்திருப்பீர்கள். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குண்டாக, தடித்த தோலோடு, குலுக்கினால் விதை சலசலக்க இருக்கும். உறைப்பு அளவாகவும் நிறமும் மணமும் கூடுதலாகவும் இருப்பதே அதன் பெருமை. உப்பு ஏறிய மண்ணிலும் தாக்குப்பிடிக்கிற செடி. விளைந்த இடத்தில் விவசாயியிடமே வாங்குங்கள். அவருக்கும் நாலு காசு சேரும்.

வெயிலைப் பொறுத்தவரை ஒரே வழிதான் இருக்கிறது: காலை ஐந்தரை முதல் பத்து வரை, மாலை நான்கரைக்குப் பிறகு என்று நாளை இரண்டாக வெட்டிக்கொள்ளுங்கள். நடுவில் சாப்பாடும் உறக்கமும். கடற்காற்று வேர்வையை உடனே உலர்த்திவிடுவதால் தாகம் தெரியாமலேயே உடம்பில் நீர் குறையும். மோரில் உப்புப் போட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துக்கொண்டே இருங்கள். நாள் முழுவதும் வறுத்த மீனாகச் சாப்பிட்டால் இந்த வெயிலில் வயிறு கெடும். மதியம் குழம்பும் சோறும், இரவு இட்லியோ இடியாப்பமோ போதும்.

கடற்கரைக் கடைகளில் பவளத் துண்டு, காய்ந்த கடல்குதிரை போன்றவற்றை யாராவது காட்டினால் வாங்காதீர்கள். பவளமும் கடல்குதிரையும் கடல் அட்டையும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ளவை, வைத்திருப்பதே குற்றம். கரையில் கிடக்கும் உயிருள்ள சிப்பியைப் பிள்ளைகள் எடுத்தாலும் திரும்பப் போடச் சொல்லுங்கள்.

தேதியை ஜூன் பிற்பகுதிக்குத் தள்ளலாமா என்ற எண்ணம் உங்களுக்கு வரக்கூடும். தடை முடிந்து விசைப்படகுகள் போய்வந்ததும் இறாலும் பெரிய மீனும் வந்து குவியும், விலையும் இறங்கும், உண்மைதான். ஆனால் அதற்குள் நுங்கு முற்றிவிடும், கச்சான் காற்று வலுத்துத் தனுஷ்கோடிச் சாலையில் மணலை வாரி இறைக்கும், பள்ளியும் திறந்துவிடும். மே மாதத்திலேயே வாருங்கள். திரும்பும்போது நெத்திலிக் கருவாடு வாங்கினால் வெயிலில் இன்னொரு நாள் காயவைத்து, செய்தித்தாளில் சுற்றி, மூடியுள்ள தகர டப்பாவில் வையுங்கள்; கருப்பட்டியையும் மிளகாயையும் அதனோடு சேர்த்துக் கட்டாமல் வேறு பையில் கொண்டுபோங்கள், இல்லாவிட்டால் காப்பியில் கருவாடு மணக்கும்.